லாராவெலில் எல்லா வியூவுக்கும் பொதுவான மாறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைப்பட்டையில் வரும் வகைப் பட்டியல், கூடையில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்ற எண், பக்கத்தின் அடியில் வரும் தொடர்பு விவரம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இவை வேண்டும். இவற்றை, பிஎச்பியில் வலைத்தளம் கட்ட உதவும் லாராவெலின் பிளேட் டெம்ப்ளேட்டுகளிடம் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் கோப்புகள், இவற்றைத்தான் வியூ என்கிறோம்) எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று என்னிடம் படிப்பவர்களும் உடன் வேலை செய்பவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 2024 மார்ச்சில் வந்த லாராவெல் 11-இன் அமைப்பை வைத்துத்தான் பதில்கள். பழைய பதிப்பில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். உதாரணம் முழுவதும் ஒரே ஒரு புத்தகக் கடைத் தளம். மாறிப் பெயரில் தமிழ் எழுத்தை பிஎச்பி ஏற்றுக்கொள்ளும் என்பதால் $வகைகள், $கூடை_எண்ணிக்கை என்றே எழுதுகிறேன். அப்படியே தட்டினாலும் ஓடும்.

கேள்வி: ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் (ரிக்வெஸ்டை வாங்கிப் பக்கத்தைத் தரும் கிளாஸ்) $வகைகள் மாறியை எடுத்து வியூவுக்கு அனுப்புகிறேன். வேலை நடக்கத்தான் செய்கிறது. இதில் என்ன குறை?

ஐந்து பக்கம் உள்ள தளத்தில் ஒரு குறையும் இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள். பக்கங்கள் முப்பது, நாற்பது என்று வளரும்போதுதான் சிக்கல். புதிதாக ஒரு கன்ட்ரோலர் எழுதுபவர் அந்த ஒரு வரியை மறந்துவிடுவார். எல்லாப் பக்கத்துக்கும் பொதுச் சட்டமான லேயவுட்டில் அந்த மாறி இருக்கும், கன்ட்ரோலர் கொடுத்திருக்காது, வரையறுக்கப்படாத மாறி என்ற பிழையோடு பக்கம் நின்றுவிடும். பிஎச்பி 8 முதல் இது வெறும் நோட்டீஸ் அல்ல, வார்னிங். லாராவெல் அதை எக்ஸெப்ஷனாகவே மாற்றி வீசும். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. புத்தகத்தின் விவரத்தைக் காட்டும் கன்ட்ரோலருக்கு மெனுவில் என்ன வருகிறது என்பது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மெனுவின் தேவையை மெனுவின் பக்கத்தில் வைப்பதுதான் சரி.

கேள்வி: பொதுவாகக் கொடுக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன?

வியூ ஃபசாடில் (லாராவெலின் உள் சர்வீஸைச் சுருக்கமாகக் கூப்பிட உதவும் கிளாஸ்) ஷேர் என்ற மெத்தட் உண்டு. பெயரையும் மதிப்பையும் கொடுத்தால் எல்லா வியூவுக்கும் போய்ச் சேரும். அதே ஃபசாடில் கம்போசர் உண்டு. குறிப்பிட்ட வியூ திரைக்குத் தயாராகும் தறுவாயில் ஓடி, அந்த வியூவுக்கு மட்டும் தரவு சேர்க்கும். கிரியேட்டர் அதன் அண்ணன். வியூ பொருள் உருவான உடனேயே ஓடிவிடும். ரிக்வெஸ்ட் கன்ட்ரோலரை அடையும் வழியில் ஓடும் மிடில்வேருக்குள் ஷேரைக் கூப்பிடுவது நான்காவது வழி. டெம்ப்ளேட்டுக்குள்ளேயே ஒரு சர்வீஸை வரவழைக்கும் இன்ஜெக்ட் டைரக்டிவும் (பிளேடின் @ கட்டளை) இருக்கிறது.

வழிகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, அந்த மதிப்பு எந்தப் பொழுதில் பிறக்கிறது என்று பாருங்கள். பூட் மெத்தடில் (அடுத்த கேள்வியில் வருகிறது) எழுதிய ஷேர், அப்ளிகேஷன் கண்விழிக்கும்போதே ஓடுகிறது. மிடில்வேரில் எழுதியது, ரிக்வெஸ்ட் உள்ளே வந்து செஷன் (வந்திருப்பவரைப் பற்றிய நினைவு) திறந்த பிறகு ஓடுகிறது. கம்போசரில் எழுதியது, அந்த வியூ உண்மையிலேயே தேவைப்படும்போது மட்டும் ஓடுகிறது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்று பொழுதுகளைக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

கேள்வி: ஷேரை எந்தக் கோப்பில் எழுத வேண்டும்?

ஆப் சர்வீஸ் புரோவைடரின் (அப்ளிகேஷன் தொடங்கும்போது தேவையானவற்றைப் பதிவு செய்யும் கிளாஸ்) பூட் மெத்தடில். ரெஜிஸ்டர் மெத்தடில் எழுதாதீர்கள். மற்ற புரோவைடர்கள் பதிவாகி முடிப்பதற்கு முன்பே அது ஓடும். கம்போசர்கள் நான்கைந்து சேர்ந்துவிட்டால், லாராவெலின் கட்டளை வரிக் கருவியான ஆர்டிசனின் புரோவைடர் கட்டளையால் வியூவுக்கென்று தனியாக ஒரு புரோவைடர் உண்டாக்கிக்கொள்ளுங்கள். லாராவெல் 11-இல் அந்தக் கட்டளையே புதிய புரோவைடரை பூட்ஸ்ட்ராப் கோப்புறையில் உள்ள பட்டியலில் சேர்த்துவிடும். 10-லும் அதற்கு முன்பும் கான்ஃபிக் கோப்புறையின் ஆப் கோப்பில் நாமே சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்தால் புரோவைடரைப் பற்றிப் பிழைச் செய்தி எதுவும் வராது, மாறி மட்டும் வந்து சேராது. அரைநாள் தேட வைக்கும் மறதி அது.

இறக்குமதி வரியையும் ஒருமுறை சரிபாருங்கள். வியூ என்ற பெயரில் ஃபசாட் ஒன்று இருக்கிறது, கம்போசருக்கு வந்து சேரும் வியூ பொருளின் கிளாஸ் ஒன்று இருக்கிறது. எடிட்டர் தானாகச் சேர்த்துத் தரும்போது ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடுவது வழக்கம்.

கேள்வி: பூட்டில் வகைகளை எடுத்து ஷேர் செய்தேன். என் கணினியில் ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர் கணினியில் மைக்ரேட் கட்டளையே ஓட மறுக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். அத்தனை பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பூட் மெத்தட் இணையப் பக்கத்துக்கு மட்டும் ஓடுவதில்லை. ஒவ்வொரு ஆர்டிசன் கட்டளைக்கும் ஓடுகிறது. புதியவர் கணினியில் தரவுத்தளம் காலியாக இருக்கிறது. அட்டவணைகளை உருவாக்க அவர் மைக்ரேட் கட்டளையைக் கொடுக்கிறார். கட்டளை தொடங்குமுன் அப்ளிகேஷன் பூட் ஆகிறது. பூட்டில் நீங்கள் எழுதிய வரி வகைகள் அட்டவணையைக் கேட்கிறது. அட்டவணை இல்லை, பிழை, கட்டளை அங்கேயே முடிந்துவிடுகிறது. அட்டவணையை உண்டாக்கும் கட்டளைக்கே அட்டவணை முன்கூட்டி வேண்டும் என்ற நிலை.

இது அதோடும் நிற்காது. கம்போசர் கருவியால் பேக்கேஜ்களை நிறுவி முடித்ததும், பேக்கேஜ்களைக் கண்டுபிடிக்கும் ஆர்டிசன் கட்டளை ஒன்று தானாக ஓடும். அதற்கும் அப்ளிகேஷன் பூட் ஆக வேண்டும். எனவே நிறுவுதலே சிவப்பு எழுத்தில் முடியும். டாக்கர் இமேஜ் கட்டும்போது பக்கத்தில் தரவுத்தளமே இருக்காது, அங்கேயும் இதே கதைதான். நான் முன்பு இருந்த ஒரு குழுவில், சர்வர் மாற்றிய இரவில் இந்த ஒரே வரியால் மூன்று மணி நேரம் தளம் எழவில்லை. பழைய சர்வரில் அட்டவணை எப்போதும் இருந்ததால் இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் அது படவில்லை.

அட்டவணை இருக்கிறதா என்று ஸ்கீமாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அந்தக் கேள்வியும் தரவுத்தளத்திடம்தான் போகிறது. இணைப்பே இல்லாத இடத்தில் அதுவும் விழும். இணைப்பு இருக்கும் இடத்தில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் வீணாக ஒரு க்வெரி (தரவுத்தளக் கேள்வி) கூடும். ட்ரை-கேட்ச் கட்டத்துக்குள் வரியைப் போட்டுப் பிழையை விழுங்கினால், நிஜமான பிழையும் நாளைக்கு ஓசையில்லாமல் விழுங்கப்படும். அந்த வரியை பூட்டிலிருந்து எடுத்து ஒரு கம்போசருக்குள் வையுங்கள். வியூ தயாராகும்போதுதான் க்வெரி ஓடும். மைக்ரேட் கட்டளை எந்த வியூவையும் காட்டுவதில்லை, ஆகவே அந்தப் பக்கமே போகாது.

தரவுத்தளத்தைத் தொடும் எதையும் பூட்டில் ஷேர் செய்யாதீர்கள். இதில் எனக்கு விதிவிலக்கு கிடையாது.

கேள்வி: பூட்டில் லாகின் செய்த பயனரை ஷேர் செய்தால் எப்போதும் நல் (மதிப்பு எதுவும் இல்லை) வருகிறதே?

பூட் ஓடும் பொழுதில் செஷன் இன்னும் திறக்கவில்லை. குக்கியைப் பிரித்துப் படிப்பதும் செஷனைத் தொடங்குவதும் வெப் குழுவில் உள்ள மிடில்வேர்களின் வேலை. அவை பூட்டுக்குப் பிறகே ஓடும். யார் வந்திருக்கிறார் என்று லாராவெலுக்கே தெரியாத நேரத்தில் நீங்கள் கேட்கிறீர்கள், அது யாரும் இல்லை என்கிறது.

பயனரை ஷேர் செய்ய வேண்டிய தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாகின் பயனரைத் தரும் ஆத் ஹெல்பரை பிளேடுக்குள் நேராகக் கூப்பிடலாம், ஆத் டைரக்டிவும் இருக்கிறது. முதல் முறை எடுத்த பயனரை அந்த ரிக்வெஸ்ட் முழுவதும் அது கையில் வைத்திருக்கும். பத்து இடத்தில் கூப்பிட்டாலும் பத்து க்வெரி ஓடாது.

கேள்வி: எல்லாக் கன்ட்ரோலருக்கும் தாயான அடிப்படைக் கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டரில் ஷேர் செய்யலாமா?

பழைய பயிற்சிக் குறிப்புகளில் இந்த முறை நிறையக் கிடைக்கும். 2016-இல் வந்த 5.3 முதல் 10 வரையான பதிப்புகளின் வழக்கமான அமைப்பில், கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது மிடில்வேர் ஓடி முடிந்திருக்காது. செஷனும் பயனரும் அங்கே கிடைக்க மாட்டார்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே ஒரு மிடில்வேர் குளோஷர் (பெயரில்லாத ஃபங்ஷன்) எழுதி இதைச் சமாளித்தார்கள். லாராவெல் 11-இன் புதிய ப்ராஜெக்டில் அடிப்படைக் கன்ட்ரோலர் வெற்று கிளாஸாகவே வருகிறது, அந்த மிடில்வேர் மெத்தட் அதில் இல்லை. தவிர, குழந்தைக் கன்ட்ரோலரில் கன்ஸ்ட்ரக்டர் எழுதிவிட்டுத் தாயினுடையதைக் கூப்பிட மறப்பதும் அடிக்கடி நடக்கும். இந்த வழியை விட்டுவிடலாம்.

கேள்வி: வியூ கம்போசரும் பேக்கேஜ் நிறுவும் கம்போசரும் ஒன்றா?

இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று, உறவு எதுவும் கிடையாது.

கேள்வி: கம்போசரை எப்படி எழுதுவது?

சிறிய வேலைக்கு ஒரு குளோஷர் போதும். எந்த வியூ, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று பூட்டில் பதிவு செய்கிறீர்கள். பதிவு செய்வதுதான் பூட்டில் நடக்கிறது, உள்ளே இருக்கும் க்வெரி அப்போது ஓடுவதில்லை. முந்தைய சிக்கல் இங்கே வராததற்கு அதுவே காரணம். வேலை பெரிதானால் தனி கிளாஸ் எழுதி, கம்போஸ் என்ற மெத்தடில் வியூ பொருளை வாங்கி, வித் மெத்தடால் மாறியைச் சேருங்கள். அந்த கிளாஸை சர்வீஸ் கன்டெய்னர்தான் உருவாக்குகிறது. ஆகவே தேவையான சர்வீஸ்களைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எந்த வியூவில் கட்டுவது என்பதில்தான் அனுபவம் தெரியும். வகைப் பட்டியல் பக்கப்பட்டைக்கு மட்டும் வேண்டும் என்றால், பார்ஷியல்ஸ் கோப்புறையில் இருக்கும் அந்தப் பக்கப்பட்டை வியூவில் கட்டுங்கள், லேயவுட்டில் வேண்டாம். பக்கப்பட்டை இல்லாத பக்கத்தில் க்வெரி ஓடாது. நாளைக்குப் பக்கப்பட்டையை வேறொரு லேயவுட்டுக்கு மாற்றினாலும் அதன் தரவு அதோடு கூடவே போகும். எவ்வளவு குறுகிய இடத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு குறுகிய இடத்தில் கட்டுவது என் பழக்கம்.

கேள்வி: வியூ பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வியூவுக்கும் வந்துவிடுமே, அது எளிதல்லவா?

வரும். ஆனால் அந்தக் குறி எல்லாப் பக்கங்களையும் குறிப்பதாக நினைக்கிறோம், அது எல்லா வியூக்களையும் குறிக்கிறது. லேயவுட் ஒரு வியூ. உள்பக்கம் ஒரு வியூ. இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு துண்டும் ஒரு வியூ. புத்தகக் கடையின் முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். லேயவுட் 1, உள்பக்கம் 1, தலைப்பட்டை, பக்கப்பட்டை, அடிப்பட்டை என 3, சுழற்சிக்குள் இன்க்ளூட் ஆகும் புத்தக அட்டைகள் 40. மொத்தம் 45 வியூ. கம்போசர் 45 முறை ஓடும். அதற்குள் ஒரு க்வெரி இருந்தால் 45 க்வெரி, இரண்டு இருந்தால் 90.

சொந்தக் கணினியில் தரவுத்தளம் பக்கத்திலேயே இருப்பதால் இது உறைக்காது. தரவுத்தளம் வேறொரு சர்வரில் இருக்கும்போது ஒவ்வொரு க்வெரிக்கும் போய்வரும் நேரம் சேர்ந்து பக்கம் தள்ளாடும். டீபக்பார் என்ற பேக்கேஜைப் போட்டு க்வெரி எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே க்வெரி வரிசையாக அடுக்கி நின்றால் முதல் சந்தேகம் இந்த நட்சத்திரத்தின் மேல் விழட்டும்.

எல்லா இடத்திலும் உண்மையாகவே வேண்டும் என்றால், கம்போசர் கிளாஸை ரெஜிஸ்டர் மெத்தடில் சிங்கிள்டனாக (எப்போது கேட்டாலும் ஒரே பொருள் வரும்படி) பதிவு செய்து, எடுத்த முடிவை ஒரு ப்ராப்பர்ட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுப் பொருள் உருவாகும், ப்ராப்பர்ட்டி காலியாகவே இருக்கும். ஒருமுறை எடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ள லாராவெல் 11-உடன் வந்த ஒன்ஸ் ஹெல்பரை இங்கே பயன்படுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு. ஒன்ஸ் தன் நினைவைப் பொருளுக்குப் பொருள் தனியாக வைத்திருக்கும். கம்போசர் பொருளே ஒவ்வொரு முறையும் புதிது என்றால் நினைவும் புதிதாகத்தான் தொடங்கும்.

ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் நட்சத்திரத்துக்கு முன்னால் கோப்புறைப் பெயரும் புள்ளியும் சேர்த்து அந்தக் கோப்புறை வியூக்களோடு நிறுத்தலாம். நிர்வாகப் பக்கங்களுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: லேயவுட்டுக்குக் கம்போசர் கட்டினேன். லேயவுட்டில் $வகைகள் வருகிறது, உள்பக்கத்தில் இல்லை என்கிறது. லேயவுட்தானே உள்பக்கத்தைச் சுற்றியிருக்கிறது?

திரையில் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். ஓடும் வரிசை தலைகீழ். எந்த லேயவுட் என்று சொல்லும் எக்ஸ்டெண்ட்ஸ் டைரக்டிவை நீங்கள் கோப்பின் முதல் வரியில் எழுதுகிறீர்கள். பிளேட் அதைத் தொகுக்கும்போது கோப்பின் கடைசிக்குக் கொண்டுபோய்விடுகிறது. எனவே முதலில் உள்பக்கம் ஓடுகிறது, அதன் செக்‌ஷன்கள் நிரப்பி வைக்கப்படுகின்றன, அதன் பிறகுதான் லேயவுட் உருவாகிறது. லேயவுட்டின் கம்போசர் ஓடும் நேரத்தில் உள்பக்கம் வேலையை முடித்திருக்கும்.

ஸ்டோரேஜ் கோப்புறைக்குள் ஃபிரேம்வொர்க், அதற்குள் வியூஸ் என்று போனால் தொகுக்கப்பட்ட பிஎச்பி கோப்புகள் இருக்கும். ஒன்றைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். உள்பக்கத்தில் அதுவரை வரையறுக்கப்பட்ட மாறிகள் எல்லாம் லேயவுட்டுக்கு அனுப்பப்படுவது அங்கே எழுத்தாகவே தெரியும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்த வரிசை மறக்காது.

ஆக, தரவு உள்பக்கத்திலிருந்து லேயவுட்டுக்குப் போகும், லேயவுட்டிலிருந்து உள்பக்கத்துக்கு வராது. உள்பக்கத்துக்குக் கட்டிய கம்போசரின் மாறிகள் லேயவுட்டிலும் கிடைக்கும். இரண்டு இடத்திலும் உறுதியாக வேண்டும் என்றால் கம்போசர் பதிவில் வியூ பெயர்களை அரேயாகக் கொடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: ஷேரிலும் கன்ட்ரோலரிலும் ஒரே பெயரில் மாறி இருந்தால் எது நிற்கும்?

கன்ட்ரோலர் கொடுத்தது நிற்கும். பொதுத் தரவை அடியில் விரித்து, வியூவின் சொந்தத் தரவை அதன் மேல் வைக்கிறது லாராவெல். இது நமக்கு வசதியானது. பக்கத் தலைப்புக்கு ஒரு பொது மதிப்பை ஷேர் செய்துவிட்டு, வேண்டிய பக்கத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கம்போசரில் நடப்பது இதற்கு நேர் எதிர். அது கடைசியில் ஓடி வியூவின் சொந்தத் தரவிலேயே எழுதுவதால், கன்ட்ரோலர் கொடுத்ததை அழித்துவிடும். தேடல் பக்கத்தின் கன்ட்ரோலர் $வகைகள் என்று வடிகட்டிய பட்டியலை அனுப்ப, கம்போசர் முழுப் பட்டியலை அதன் மேல் எழுத, தேடல் சரியாக வேலை செய்யவில்லை என்று க்வெரியையே நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் மிகவும் பாடுபட்டார். கம்போசருக்குள், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று வியூவின் தரவைப் பார்த்துவிட்டு எழுதலாம். அதைவிட நல்லது, பொதுவானவற்றுக்கு $மெனு_வகைகள் என்பதுபோல் இடத்தைச் சொல்லும் பெயர் வைப்பது.

கேள்வி: வைக்கவே கூடாத பெயர்கள் உண்டா?

உண்டு. எர்ரர்ஸ் என்ற மாறியை லாராவெலே எல்லா வியூவுக்கும் ஷேர் செய்கிறது. வெப் குழுவில் அதற்கென்று ஒரு மிடில்வேர் இருக்கிறது. படிவத்தில் தப்பாக நிரப்பியதற்கான செய்திகள் எந்த டெம்ப்ளேட்டிலும் தயாராக இருப்பது அதனால்தான். ஆப் என்ற பெயரில் அப்ளிகேஷன் பொருளே ஷேர் ஆகியிருக்கிறது. என்வ் என்பதன் முன்னால் இரண்டு அடிக்கோடு உள்ள மாறியில் வியூ ஃபாக்டரி இருக்கிறது, தொகுக்கப்பட்ட ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் அதை நம்பி ஓடுகிறது. இவை மூன்றையும் தொடாதீர்கள். மின்னஞ்சல் வியூக்களில் மெசேஜ் என்ற பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டது. சுழற்சிக்குள் லூப், கம்போனென்டுக்குள் ஸ்லாட், அட்ரிபியூட்ஸ் ஆகியவையும் அப்படியே.

கேள்வி: இன்க்ளூட் செய்த துண்டில் வரும் மாறி, அதே துண்டைக் கம்போனென்டாக மாற்றியதும் காணாமல் போகிறதே?

இன்க்ளூட், தன்னைக் கூப்பிட்ட வியூவின் மாறிகள் அனைத்தையும் வாங்கிக்கொள்ளும். கம்போனென்ட் வாங்காது. அட்ரிபியூட்டாகக் கொடுத்தால்தான் உண்டு. ஷேர் செய்த மாறிகள் மட்டும் கம்போனென்டுக்குள்ளும் வரும், ஏனென்றால் அதுவும் ஒரு வியூதான். அதே காரணத்தால் கம்போனென்டின் வியூவுக்கும் கம்போசர் கட்டலாம். ஆனால் கிளாஸ் உள்ள கம்போனென்ட் என்றால் அதன் கன்ஸ்ட்ரக்டரிலேயே தரவை எடுத்துக்கொள்வது தெளிவாக இருக்கும். புதிதாகத் தொடங்கும் ப்ராஜெக்டில் மெனுவையும் கூடையையும் நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன். கோப்பைத் திறப்பவருக்குத் தரவு எங்கிருந்து வருகிறது என்பது கண்ணெதிரே இருக்கும். கம்போசரில் அது வேறொரு கோப்புறையில் ஒளிந்திருக்கும்.

கேள்வி: மிடில்வேரில் ஷேர் செய்வது எப்போது பொருந்தும்?

ரிக்வெஸ்டைப் பார்த்துத்தான் மதிப்பு தெரியும், அது வியூவுக்கு மட்டுமல்லாமல் கன்ட்ரோலருக்கும் வேண்டும் என்ற நிலையில். ஒரே அப்ளிகேஷனில் பல கடைகள் இயங்குகின்றன, துணை டொமைனைப் பார்த்து எந்தக் கடை என்று தீர்மானிக்கிறீர்கள் என்று வையுங்கள். அதற்கு மிடில்வேர்தான் இயல்பான இடம். செஷன் தேவைப்பட்டால் வெப் குழுவின் கடைசியில் சேருங்கள். லாராவெல் 11-இல் அதை பூட்ஸ்ட்ராப் கோப்புறையின் ஆப் கோப்பில் எழுத வேண்டும்.

ஆனால் $கூடை_எண்ணிக்கை போன்றதை மிடில்வேரில் எடுக்காதீர்கள். படிவம் அனுப்பிய உடன் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் ரிக்வெஸ்டுக்கும், ஜேசன் மட்டும் தரும் ரிக்வெஸ்டுக்கும் கூட அந்த க்வெரி ஓடும். வியூவே காட்டாத ரிக்வெஸ்டில் வியூவுக்கான தரவு எதற்கு?

கேள்வி: தளம் முழுக்க நன்றாக இருக்கிறது. 404 பக்கத்தில் மட்டும் மாறி இல்லை என்று உடைகிறது. ஏன்?

உங்கள் மாறி மிடில்வேரிலிருந்து வருகிறது என்று இதிலிருந்தே சொல்லிவிடலாம். இல்லாத முகவரியைத் தட்டினால் எந்த ரூட்டும் பொருந்துவதில்லை. ரூட் இல்லை என்றால் வெப் குழுவின் மிடில்வேர்களும் ஓடுவதில்லை. செஷன் இல்லை, நீங்கள் ஷேர் செய்ததும் இல்லை. 404 டெம்ப்ளேட்டோ அதே லேயவுட்டை எக்ஸ்டெண்ட் செய்கிறது. எர்ரர்ஸ் மாறியை மட்டும் லாராவெல் தன் கையால் வெறுமையாகக் கொடுத்துவிடும், மற்றவை உங்கள் பொறுப்பு.

வெப் ரூட் கோப்பின் இறுதியில் வேறு எதுவும் பொருந்தாதபோது ஓடும் ஃபால்பேக் ரூட் ஒன்று எழுதி அதிலிருந்து 404 கொடுத்தால் மிடில்வேர்கள் ஓடும். தரவைக் கம்போசருக்கு மாற்றினாலும் சரியாகும். பிழைப் பக்கங்களுக்கு நான் தனியாக, எந்த மாறியும் கேட்காத எளிய லேயவுட் வைத்திருக்கிறேன். தரவுத்தளமே விழுந்து 500 வரும்போது, வகைப் பட்டியலை எடுக்கப் போகும் பிழைப் பக்கம் தானும் விழும். வாசகர் கையில் கிடைக்கும் கடைசிப் பக்கம் அது, எதையும் நம்பியிருக்கக் கூடாது.

கேள்வி: வகைகள் மாதம் ஒருமுறைதான் மாறுகின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். கம்போசருக்குள் கேஷின் ரிமெம்பர் மெத்தடால் சுற்றிவிடுங்கள். வகை மாடலின் சேவ்டு, டிலீடட் நிகழ்வுகளில் அந்தக் கேஷை அழியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். க்வெரி பில்டரால் மொத்தமாக அப்டேட் செய்தால் மாடல் நிகழ்வுகள் எழாது. அப்போது கேஷை நீங்களே அழிக்க வேண்டும். பயனருக்குப் பயனர் மாறும் கூடை எண்ணை ஒரே கேஷ் பெயரில் வைத்தால், ஒருவர் கூடை இன்னொருவர் பக்கத்தில் தெரியும். பயனர் எண்ணைக் கேஷ் பெயரோடு சேருங்கள், இல்லையென்றால் கேஷே வேண்டாம்.

கேள்வி: தளத்தின் பெயர், தொலைபேசி எண் போன்ற மாறாதவற்றையும் ஷேர் செய்யலாமா?

செய்யலாம், தேவையில்லை. கான்ஃபிக் கோப்பில் எழுதி, டெம்ப்ளேட்டில் கான்ஃபிக் ஹெல்பரால் எடுங்கள். என்வ் ஹெல்பரை மட்டும் டெம்ப்ளேட்டில் பயன்படுத்தாதீர்கள். சர்வரில் கான்ஃபிக் கேஷ் கட்டளை கொடுத்த பிறகு என்வ் கோப்பு ஏற்றப்படுவதில்லை, கான்ஃபிக் கோப்புகளுக்கு வெளியே கூப்பிட்டால் நல் வந்து நிற்கும்.

கேள்வி: க்யூ (பின்னணியில் செய்யும் வேலைகளின் வரிசை) வழியாகப் போகும் மின்னஞ்சலில் பொது மாறிகள் கிடைக்குமா? ஆக்டேனில்?

கம்போசரும், பூட்டில் செய்த ஷேரும் க்யூவிலும் கிடைக்கும். மிடில்வேரில் செய்தது கிடைக்காது, அங்கே ரிக்வெஸ்டே இல்லை. கம்போசருக்குள் லாகின் பயனரைக் கேட்டாலும் நல்தான் வரும். பெறுநர் யார் என்பதை மின்னஞ்சல் கிளாஸுக்கு நேராகக் கொடுங்கள். மேலும், க்யூ வொர்க்கர் நீண்ட நேரம் உயிரோடு இருக்கும் ப்ராசஸ். காலையில் பூட்டில் ஷேர் செய்த மதிப்பு, வொர்க்கரை மீண்டும் தொடங்கும்வரை அப்படியே இருக்கும்.

2021-இல் வந்த ஆக்டேனில் இதே நிலை இணையப் பக்கங்களுக்கும் வருகிறது. அப்ளிகேஷன் நினைவகத்தில் தங்கி அடுத்தடுத்த ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கிறது. லாகின் செய்திருந்தால் மட்டும் ஷேர் செய் என்று மிடில்வேரில் எழுதியிருந்தால், லாகின் செய்யாத அடுத்தவருக்கு முந்தையவரின் மதிப்பு தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. இல்லாத நிலைக்கும் நல் என்று வெளிப்படையாக ஷேர் செய்யுங்கள். முன்பு சொன்ன சிங்கிள்டனுக்குப் பதில் ஸ்கோப்டு என்று பதிவு செய்யுங்கள். ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் அது புதிதாகும்.

கேள்வி: பிளேடுக்குப் பதில் ஜாவாஸ்கிரிப்டில் பக்கத்தைக் காட்டும் இனர்ஷியா பயன்படுத்தினால்?

அதன் மிடில்வேரில் ஷேர் என்ற மெத்தட் தனியாக இருக்கிறது, அதில் எழுத வேண்டும். பிளேடில் ஷேர் செய்த மாறி, நீங்கள் அச்சிட்டால்தான் வெளியே தெரியும். இனர்ஷியாவில் ஷேர் செய்தது முழுவதும் பிரவுசருக்கு ஜேசனாகப் போகிறது, பக்க மூலத்தைத் திறப்பவர் எல்லாவற்றையும் படிக்கலாம். பயனர் மாடலை அப்படியே தூக்கிப் போடாமல், பெயர், படம் என்று வேண்டிய புலங்களை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள்.

கேள்வி: இவற்றை டெஸ்டில் எப்படிச் சரிபார்ப்பது?

அசர்ட் வியூ ஹேஸ் என்ற மெத்தட், கன்ட்ரோலர் திருப்பித் தந்த வியூவின் தரவை மட்டும் பார்க்கும். ஷேர் செய்தவையும் அந்த வியூவுக்கே கட்டிய கம்போசரின் மாறிகளும் அதில் தெரியும். பக்கப்பட்டைக்குக் கட்டியது தெரியாது. அதற்கு, ஒரு வகையை உருவாக்கிப் பக்கத்தைக் கூப்பிட்டு, அசர்ட் சீ மூலம் அந்த வகையின் பெயர் வெளியீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 404-க்கும் ஒரு டெஸ்ட் எழுதி, உங்கள் பிழைப் பக்கத்தில் உள்ள ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். முதல் பக்கத்துக்கு ஓடும் க்வெரிகளின் எண்ணிக்கையை டிபி லிசன் மூலம் எண்ணி ஒரு வரம்பும் வைத்துவிட்டால், யாராவது நட்சத்திரக் கம்போசர் சேர்த்த அன்றைக்கே அந்த டெஸ்ட் விழுந்துவிடும்.